டீச்சரிடம் கேளுங்கள்: வேலை குறைந்த நாளில் என்ன படிப்பது?

இந்த மாதம் வந்த கடிதங்களிலும் வட்ஸ்அப் குரல் பதிவுகளிலும் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். உழைப்பு குறைந்துவிட்டது, நேரம் கிடக்கிறது, ஏதாவது படிக்கலாமா, போடுகிற காசு திரும்பி வருமா? ஆகவே கறிக்குறிப்புக்கும் குடும்பச் சண்டைக்கும் இந்த மாதம் விடுமுறை. பிள்ளையின் சாதகத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்த அம்மா மன்னிக்க வேண்டும், அது எனக்கு எப்போதும் விளங்கியதில்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஆரையம்பதிக்காரி. 28 வருடம் தையல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் இல்லை, வளர்ந்தவர்கள். அவர்கள் எப்போது மனம் வைத்துப் படிப்பார்கள், எந்தக் கிழமையில் வகுப்பை விட்டு நிற்பார்கள் என்பது கொஞ்சம் தெரியும்.

டீச்சர், எனக்கு 43 வயது. 20 வருடமாக மேசன் வேலை. முன்பெல்லாம் மாதம் 26 நாள் வேலை இருக்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் விழுந்தது இன்னும் முழுதாக எழும்பவில்லை. இப்போது மாதம் 12 நாள் கிடைத்தால் பெரிய காரியம். நாள் கூலி 4000. டவுனில் ஒரு நிலையத்தில் ஒரு வருட கொம்பியூட்டர் டிப்ளோமா 185,000 ரூபாய் என்கிறார்கள். மனைவியின் காப்புகளை ஈடு வைக்கலாம். இந்த வயதில் படிக்கப் போவது பைத்தியக்காரத்தனமா?
– களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒருவர்

தம்பி, படிக்கப் போவதில் பைத்தியம் ஒன்றும் இல்லை. காப்பை ஈடு வைத்து இந்தப் படிப்புக்குப் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களுக்குச் சாதகமான கணக்கை முதலில் பார்ப்போம். கிழமைக்கு 2 நாள் வகுப்பு, 6 மாதம் என்றால் 52 நாள். வேலை நன்றாக ஓடிய காலத்தில் அந்த 52 நாளும் கூலி நாள். 4000 படி 208,000 ரூபாயைக் கைவிட்டுத்தான் வகுப்பில் வந்து இருந்திருப்பீர்கள். நல்ல காலத்தில் எந்த மேசனும் வகுப்புப் பக்கம் தலை காட்டாததற்கு அதுதான் காரணம். அதைச் சோம்பல் என்று சொல்லும் அதிகாரிகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு மாதச் சம்பளம். இப்போது உங்களுக்கு மாதத்தில் 14 வேலை நாள் சும்மா போகிறது. அதில் 8 நாளை வகுப்புக்குக் கொடுத்தால் இழப்பது பஸ் காசும் ஒரு சோற்றுப் பார்சலும்தான். சீமெந்துப் பை 1000 ரூபாய் அளவில் இருந்து 3000 ஐத் தாண்டிப் போன அதே காலத்தில் உங்கள் நாளின் விலை மட்டும் இறங்கிப் போனது. இறங்கியதை அள்ளிச் செலவழியுங்கள். விலை கூடிய சாமானாகிய கடன் காசைத் தொடாதீர்கள்.

வட்டி வங்கிக்கு வங்கி மாறும். வருடம் 18 வீதம் என்று வைத்துக்கொள்வோம். 185,000 க்கு மாதம் 2775 ரூபாய் வட்டி மட்டும். படிக்கிற ஒரு வருடத்தில் 33,300. முதல் அப்படியே நிற்கும். காப்பு வீட்டுக்கு வர வேண்டுமென்றால் டிப்ளோமா முடித்த கையோடு வேலை கிடைக்க வேண்டும். கிடைக்குமா? டவுனில் கொம்பியூட்டர் முன்னால் இருக்கிற வேலைக்கு உங்களோடு போட்டிக்கு வருபவன் 22 வயதுப் பொடியன். இங்கிலிஷ் கதைப்பான், தாய் தகப்பன் வீட்டில் சாப்பிடுவான், உங்கள் கூலியில் பாதிக்கு வருவான். அந்த வரிசையில் நீங்கள் போய் நின்றால் உங்கள் 20 வருடத்துக்கு விலை இல்லை. சாந்தகப்பை பிடித்த கை, ஈரச் சுவரைத் தட்டிப் பார்த்து எங்கே கசிகிறது என்று சொல்கிற காது, எல்லாவற்றையும் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போவது போல.

ஆகவே புதிதாக எதையும் படிக்க முதல், தெரிந்ததை எழுத்தில் வாங்குங்கள். அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ என்கிற தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் ஒழுங்கு நம் நாட்டில் இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர், சனம் ஆர்.பி.எல். என்கிறது. வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. அரசின் தொழிற்பயிற்சி நிறுவனங்களான நைட்டாவிலோ வி.ரி.ஏ.யிலோ விசாரியுங்கள். நீங்கள் கட்டிய வீடுகளின் படம், வீட்டுக்காரரிடமும் கொந்தராத்துக்காரரிடமும் வாங்கிய கடிதம், இவற்றை ஒரு கோவையில் சேர்க்கச் சொல்வார்கள். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும், கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். தேறினால் வகுப்பில் இருந்து படித்தவனுக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ். மொத்தம் 7 மட்டம். உங்களைப் போன்ற கைவேலைக்காரர் பெரும்பாலும் 3 அல்லது 4 இல் வருவார்கள், 5 இலிருந்து டிப்ளோமா. என்.வி.கியூ 4 கையில் இருக்கிற மேசனுக்கும் இல்லாத மேசனுக்கும் சுவர் ஒரே மாதிரித்தான் எழும்பும். ஆனால் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும், பெரிய கொந்தராத்தில் சேரும்போதும், நாளைக்கு நீங்களே போதனாசிரியராகப் போக நினைத்தாலும் அந்த ஒரு தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

அதன் பிறகு படிப்பு. உங்கள் வேலைக்குப் பக்கத்து வளவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிளான் வாசிப்பது, எஸ்டிமேட் போடுவது, டைல், குளியலறைக் கசிவு அடைப்பது, கூரையில் சோலார் தட்டுப் பொருத்துவது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். அந்த பில்லைப் பார்த்த பிறகுதான் எங்கள் தெருவிலேயே சோலாருக்கு விலை கேட்கத் தொடங்கினார்கள். கொம்பியூட்டரும் வேண்டும்தான், ஆனால் எஸ்டிமேட்டை அட்டவணையில் போட்டு வீட்டுக்காரருக்கு அனுப்பத் தெரிந்தால் போதும். அதற்கு டிப்ளோமா தேவையில்லை, ஒரு மாதக் குறுகிய வகுப்பே காணும்.

2022 இல் நம்மூரில் யாருக்கு வேலை இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். பெற்றோல் வரிசை பாலம் தாண்டி நின்ற நாட்களில் சைக்கிள் திருத்துகிறவருக்குச் சாப்பிட நேரமில்லை. வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குத் திறந்தது 2025 இல். அந்த ஐந்து வருடமும் பழைய வானையும் பழைய ஓட்டோவையும் ஓட வைத்தவர்கள் மெக்கானிக்குகள். காசில்லாத சனம் புதுசு வாங்காது, பழசைத் திருத்தும். வீடும் அப்படித்தான். புது வீடு கட்டுவது நின்றாலும் ஒழுகுகிற வீடு ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

கடைசியாக, அந்த நிலையம். மூன்றாம் நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா, இந்தப் பாடநெறிக்கே என்.வி.கியூ அங்கீகாரம் உண்டா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். போன வருடம் படித்து முடித்த மூன்று பேரின் போன் நம்பரையும் கேளுங்கள். தர மறுத்தால் காப்பு தப்பியது.

டீச்சர், எனக்கு 31 வயது, இரண்டு பிள்ளைகள். அவருக்கு இப்போது கடையில் அரைச் சம்பளம்தான். தையல் படித்து மெஷினும் வாங்கினால் வீட்டில் இருந்தே உழைக்கலாம் என்று பார்க்கிறேன். வீட்டுக்கு வருகிற லோன்காரர் 75,000 உடனே தருவார்களாம், கிழமைக் கட்டு. உம்மா வேண்டாம் என்கிறா.
– காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரி

உம்மா சொல்வதைக் கேளுங்கள் மகள். கட்டு அடுத்த கிழமையே தொடங்கும். கை பழகி, சட்டை பிழைக்காமல் தைத்து, தெருவில் நாலு பேர் நம்பித் துணி கொண்டு வர குறைந்தது ஆறு மாதம். இடையில் இருக்கிற அந்த இருபத்தைந்து கிழமைக்கும் எங்கேயிருந்து கட்டுவீர்கள்? இன்னொரு லோன்காரரிடம் இருந்துதான். அந்தக் கதை நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் எப்படி முடிந்தது என்று உங்களுக்கும் தெரியும்.

தையலைப் பற்றி என் பங்குக்கு ஒரு பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, தகரக் கொட்டிலில் நான் படிப்பித்த வகுப்புகளுக்குக் கணக்கில்லை. காசு கொடுத்த நிறுவனங்களின் பெயர் இங்கே வேண்டாம். நல்ல மனதோடுதான் வந்தார்கள். மூன்று மாத வகுப்பு, 25 பெண்கள், முடிவில் ஒரு மெஷின், ஒரு கத்தரிக்கோல், ஒரு சான்றிதழ், ஒரு படம். அடுத்த 25 பேர். அடுத்த ஊரில் இன்னொரு 25 பேர். ஆண்களுக்கு மேசன், பெண்களுக்குத் தையல். வேறு எதையும் யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை, எனக்கும்தான். இரண்டு வருடம் கழித்து ஒரு தெருவால் நடந்து போனேன். அந்த ஒரு தெருவில் பதினொரு மெஷின். பதினொரு பேரும் ஒருவருக்கொருவர் சட்டை தைத்துக் கொடுக்கவா? தையல் கூலி இறங்கியது. கொஞ்சம் மெஷின் டவுனுக்குப் போய் மூன்றில் ஒரு விலைக்கு விற்றுப்போனது. ஒரு வீட்டில் அதன்மேல் டிவி நின்றது. டீச்சர் வந்திருக்கிறா என்று அந்தப் பிள்ளை அவசரமாக ஒரு துணியால் அதை மூடியதை இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்த வகுப்பில் நன்றாக உழைத்தவள் யார் தெரியுமா? தையலில் மட்டமாக இருந்த ஒருத்தி. தைக்கும் நேரத்தில் மெஷினைக் கழற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பாள்; இரண்டு முறை ஏசியிருக்கிறேன். ஊர் முழுக்க மெஷின் வந்ததும் அதைத் திருத்துகிற ஒரே பெண் அவளாகிப் போனாள். எல்லாரும் ஒன்றைப் படிக்கும்போது அதற்குப் பக்கத்தில் நிற்கிற வேலை எது என்று பார்க்க எனக்கு முதலில் காட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

சரி, உங்கள் விஷயம். முதலில் உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் எத்தனை மெஷின் ஓடுகிறது என்று எண்ணுங்கள். என்ன தைக்கிறார்கள், எதைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் மாற்றம் செய்கிற வேலையைத்தான் திருப்பி அனுப்புவார்கள்: அபாயா கட்டையாக்குவது, சிப் மாற்றுவது, அண்ணனின் காற்சட்டையைத் தம்பிக்கு அளவாக்குவது. பெரிய தையல்காரருக்கு அது கேவலமான வேலை. நெருக்கடி காலத்தில் அதுதான் நிறைய வரும். அரசு பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியாகத்தான் கொடுக்கிறது. பள்ளி தொடங்க முதல் அந்தத் துணி முழுவதும் யாரிடமோ தைக்கப் போகத்தானே வேண்டும்?

அரசுப் பயிற்சி நிலையத்தில் பகல் வகுப்பு இருந்தால், பிள்ளைகள் பள்ளியில் இருக்கிற நேரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சேருங்கள். மெஷின் இப்போது வேண்டாம். நிலையத்து மெஷினில் பழகுங்கள், மச்சியின் மெஷினில் தையுங்கள். கிழமைக்கு இத்தனை என்று காசு வரத் தொடங்கினால், அந்தக் காசால் சீட்டுப் பிடித்து மெஷின் வாங்கலாம்.

எனக்கு 24. கொரியப் பரீட்சைக்குப் படிக்கவா, என்.வி.கியூ செய்யவா?
– சம்மாந்துறை

இரண்டையும். 18 வயதிலிருந்து 39 வரை கொரியாவுக்கு வேலைக்குப் போகிற வாய்ப்பு இருக்கிறது, உங்களுக்கு அவசரமில்லை. பகலில் தொழில், பின்னேரம் மொழி. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: அது இரண்டு அரசாங்கங்களுக்கு இடையில் நடக்கிற திட்டம், நம் பக்கத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பார்க்கிறது. இடையில் ஒருவர் வந்து "பேர் போட்டுத் தருகிறேன்" என்று காசு கேட்டால், அவர் உங்களை வைத்துத் தன் வேலைவாய்ப்பைப் பார்க்கிறார்.

டீச்சர், நான் வேளாண்மைக்காரன். நெருக்கடி வந்தால் உடனே எல்லாரும் பயிற்சி, பயிற்சி என்கிறார்கள். 2021 இல் எங்கள் வயல் வட்டை மஞ்சளித்தபோது எனக்குத் தேவைப்பட்டது யூரியா. கிடைத்தது சேதனப் பசளை வகுப்பும் பிளேன்ரீயும். வேலையே இல்லாத ஊரில் படிப்பித்து என்ன பயன்? அந்தக் காசை நேரே சனத்தின் கையில் கொடுத்தால் என்ன?
– அக்கரைப்பற்றிலிருந்து ஒரு விவசாயி

இந்த மாதத்தின் நல்ல கேள்வி உங்களுடையது. பாதிக்கு உங்கள் பக்கம் நிற்கிறேன். 2021 மே மாதம் இரசாயன உரத்தைத் தடுத்து, நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகத்துக்கு விதைத்தாகிவிட்டது. மேலே எடுத்த பிழையான முடிவை வகுப்பு வைத்துக் கீழே நேராக்க முடியாது. உரம் இல்லாத வயலுக்கு உரம்தான் வேண்டும்.

மற்றப் பாதிக்கு என் மகளைக் கேட்டேன். அவள் பொருளியல் படித்தவள், எனக்கு விளங்கும்படி சொல்லப் பொறுமை உள்ளவள். டேவிட் கார்ட் என்று ஒருவர், 2021 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்தவர். அவரும் இரண்டு பேரும் சேர்ந்து, வேலையில்லாதவர்களுக்கான திட்டங்களைப் பற்றி உலகம் முழுக்க நடந்த 200க்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் வருடத்தில் பயிற்சியால் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் வித்தியாசம் தெரிகிறது. பொருளாதாரம் விழுந்திருக்கிற காலத்தில் தொடங்கிய திட்டங்கள் நல்ல காலத்தில் தொடங்கியவற்றை விடக் கூடுதலாகப் பலித்திருக்கின்றன. பெண்களுக்குக் கூடுதலான பலன். இது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. நாற்று மேடை போடுகிறவர் அறுவடையன்றைக்கா போடுகிறார்?

சுவீடனில் 1990களின் தொடக்கத்தில் வேலையின்மை 2 வீதத்துக்குக் கீழிருந்து 8 வீதத்துக்கு மேலே போனது. அவர்கள் 1997 இலிருந்து 2002 வரை, பள்ளிப் படிப்பைக் குறையில் விட்ட வளர்ந்தவர்களுக்கென்றே ஒரு பெரிய திட்டம் நடத்தினார்கள். படிக்கிற காலத்துக்கு உதவித்தொகையும் இருந்தது. அதாவது நீங்கள் கேட்கிற "கையில் காசு", நான் கேட்கிற "படிப்பு" இரண்டும் ஒரே உறைக்குள். சிங்கப்பூரில் 25 வயது தாண்டிய ஒவ்வொரு குடிமகனுக்கும் படிப்புக்கென்று 500 டொலர் கணக்கில் விழுந்தது. 2024 இல் 40 தாண்டியவர்களுக்கு மேலும் 4000. அங்கேயும் கள்ளர் இல்லாமலில்லை. 2017 இல் போலி விண்ணப்பங்களால் 40 மில்லியன் டொலர் அளவில் போனது. காசு இருக்கிற இடத்துக்கு எறும்பு வரத்தான் செய்யும்.

நம் நிலைக்கு வருவோம். என் 28 வருடத்தில் பாடம் கடினம் என்று நின்றவர்கள் குறைவு. நாள் கூலி கிடைத்தது என்று நின்றார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றார்கள், பஸ் இல்லை என்று நின்றார்கள். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கும்வரை வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பிள்ளைகள் பாதையில், அதாவது ஆள் ஏற்றுகிற மிதவையில் ஏறித்தான் என் வகுப்புக்கு வந்தார்கள். மூன்றரைக்கு வகுப்பை விட்டால் எல்லாரும் வருவார்கள். நாலரைக்கு விட்டால் அடுத்த நாள் பாதிக் கதிரை காலி. கொழும்பில் இருந்து வந்த அட்டவணையில் நாலரை என்றுதான் இருந்தது. மூன்றரைக்கு விட்டுவிட்டு நாலரை என்று கையெழுத்து வைத்திருக்கிறேன், இப்போது சொன்னால் யாரும் சம்பளத்தை வெட்ட முடியாது.

உங்கள் பக்கத்துக்கும் இதுதான். பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரியில் வேளாண்மை ஊரில் வகுப்புத் தொடங்குகிறவருக்கு ஊரும் தெரியாது, வயலும் தெரியாது. அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வரைக்கும், தண்ணீர் கிடைக்காத வட்டையில் சிறுபோகம் இல்லாத மாதங்களில், மனிதர் சும்மா இருப்பார்கள். அந்த மாதங்களில் வையுங்கள், வந்த நாளுக்கு அரைக் கூலியாவது கொடுங்கள், மெஷின் திருத்தவும் மோட்டர் திருத்தவும் சொல்லிக் கொடுங்கள். உழவு மெஷின் நடு வயலில் நின்றால் திருத்தத் தெரிந்த ஒருவர் வட்டைக்குள்ளேயே இருந்தால் உங்களுக்கு எவ்வளவு மிச்சம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிளேன்ரீயும் இருக்கட்டும்.

எனக்கு 52. இங்கிலிஷ் இனி ஏறுமா?
– திருக்கோவில்

ஏறும், மெதுவாக. நான் சாதாரண தரக் கணிதத்தை 34 வயதில் இரண்டாம் முறை எழுதினேன். 1990 இன் யுத்தக் குழப்பத்தோடு விட்டுப்போன பாடம். மண்டப வாசலில் மேற்பார்வையாளர் என்னை மறித்து, "பெற்றோர் வெளியே நில்லுங்கள்" என்றார். அனுமதி அட்டையைக் காட்டினேன். உள்ளே வெள்ளைச் சீருடைகளுக்கு நடுவில் நான் ஒரு நீலச் சேலை. சித்தி வாங்கினேன். பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி கூட, நமக்கு எதற்காகப் படிக்கிறோம் என்பது தெரியும். எதற்கு இங்கிலிஷ் என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் முடிவு செய்யுங்கள். அறுகம்பைக்கு வரும் வெள்ளைக்காரருக்கு அறை காட்டுகிற இங்கிலிஷ் வேறு, கச்சேரிக் கடித இங்கிலிஷ் வேறு.

டீச்சர், போன வருடம் உங்கள் பதிலைப் பார்த்து ஏசி, பிரிட்ஜ் திருத்துகிற பாடநெறி 6 மாதம் படித்தேன். முடித்து 5 மாதம். இன்னும் ஒழுங்கான வேலை இல்லை. நீங்கள் சொன்னது பொய். என் மனைவி உங்கள் பத்திரிகையை அடுப்பில் போடப் பார்க்கிறா.
– வாழைச்சேனை

கோபம் நியாயம். என் பழைய பதிலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எதைப் படிக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். படித்து முடித்த பிறகு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அது என் பிழை. மேலே விவசாயிக்கு எழுதியதைப் படியுங்கள்: முதல் வருடம் மெலிவாகத்தான் இருக்கும். படிக்கிற காலத்தில் வேலை தேடுவதும் நின்றுபோகும், பழைய ஆட்களின் தொடர்பும் விடுபடும். அதை முன்பே சொல்லியிருந்தால் வீட்டில் இவ்வளவு சண்டை வந்திராது.

இப்போது செய்யக்கூடியது. உங்களுக்குப் பக்கத்தில் பாசிக்குடா. கிழக்குக் கரையில் சீசன் ஏப்ரல் அளவில் தொடங்கும். ஏசி சேர்விஸ் எல்லாம் அதற்கு முதல், மாரி முடிந்த கையோடு செய்துவிடுவார்கள். சீசன் நடுவில் போய்க் கேட்டால் "ஆள் இருக்கு" என்றுதான் பதில் வரும். பெப்ரவரியில் போங்கள். ஹோட்டல் முன்வாசலில் கேட்க வேண்டாம், பின்பக்கமாகப் போய்ப் பராமரிப்புப் பொறுப்பாளரைக் கேளுங்கள். இன்னொன்று துறைமுகம். மீன் இருக்கிற இடத்தில் ஐஸ் இருக்கும், ஐஸ் இருக்கிற இடத்தில் கொம்பிரஷர் இருக்கும், கொம்பிரஷர் பழுதாகாமல் இருக்காது. அங்கே பழைய ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு உதவியாளாக, குறைந்த கூலிக்கு என்றாலும், மூன்று மாதம் நில்லுங்கள். வகுப்பில் படித்தது புது மெஷின். ஊரில் ஓடுவது எல்லாம் பழசு. அந்த வித்தியாசத்தை எந்தப் போதனாசிரியரும் படிப்பிக்க மாட்டார், நானும் படிப்பிக்கவில்லை.

எத்தனை இடத்தில் கேட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு கொப்பி எடுத்துத் திகதி, இடம், யாரைக் கண்டேன், என்ன சொன்னார்கள் என்று வரிக்கு வரி எழுதுங்கள். 40 வரி ஆனதும் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், இருவரும் சேர்ந்து பார்ப்போம். மனைவியிடம் சொல்லுங்கள், பத்திரிகையை அடுப்பில் போட வேண்டாம், அடுத்த மாதம் கணவாய்க் கறி வருகிறது.